அடங்கல் வரவில்லை, வெள்ளைத் திரை மட்டும் வருகிறது: பிரவுசரில் பி.டி.எஃப் சிக்கல்

கோரையாற்றங்கரை · செவ்வாய், காலை 10:40

வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன். சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு பதியும் நேரம் இது. சிட்டா, அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு), பாஸ்புக், ஆதார் நகல் என்று காலையில் கதவு திறக்கும்போதே வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள்.

மூன்று நாளாக ஒரு தளத்தில் விவரம் எல்லாம் கொடுத்து 'பார்' என்று அழுத்தினால் புது டேப் திறக்கிறது, உள்ளே வெறும் வெள்ளை. சில நேரம் சாம்பல் நிறத்தில் வந்து, பி.டி.எஃப் ஆவணத்தை ஏற்ற முடியவில்லை என்கிறது. டவுன்லோடு ஆனதாகக் கீழே காட்டுகிறது. அதைத் திறந்தால் அடோபி ரீடர், ஃபைல் கெட்டுவிட்டது என்கிறது. பிரவுசர் சேர்த்து வைத்திருந்த கேஷ் ஃபைல்களை அழித்தேன், மோடத்தை அணைத்துப் போட்டேன், ரீடரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். விண்டோஸ் 7, குரோம். கம்ப்யூட்டர் பழசுதான், ஆனால் போன வாரம் வரை இதே வேலையைச் செய்தது.

எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் நேற்றும் வந்தார், இன்றும் வந்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டு பஸ் மாறி வருகிறார். நாளைக்கு வாங்க என்று மறுபடியும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

வடவாறு · செவ்வாய், காலை 10:52

அக்கா, அட்ரஸ் பட்டையின் வலது ஓரத்தில் சின்ன ஜன்னல் படம் போட்டு, மேலே சிவப்புக் குறி இருக்கிறதா பாருங்கள். அது பாப்-அப் தடுப்பு. நிறைய தளங்கள் ஆவணத்தைப் புது ஜன்னலில்தான் திறக்கும், குரோம் அதை மறித்துவிடும். அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

கோரையாற்றங்கரை · செவ்வாய், காலை 11:05

பார்த்தேன் தம்பி, அந்தக் குறி இல்லை. டேப் திறக்கத்தான் செய்கிறது. உள்ளேதான் ஒன்றும் இல்லை.

பழைய மானிட்டர் · செவ்வாய், காலை 11:20

தஞ்சாவூரில் 18 வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். தங்கச்சி, இனி எதையும் அழிக்க வேண்டாம், மறுபடி ஏற்றவும் வேண்டாம். ஒரே நேரத்தில் நாலு மாற்றம் செய்தால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும். முதலில் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்வோம்: உங்கள் கைக்கு வந்தது பி.டி.எஃப்தானா?

டவுன்லோடு ஃபோல்டரில் அந்த ஃபைலின் அளவைப் பாருங்கள். பிறகு ரைட் கிளிக் செய்து, 'ஓப்பன் வித்' போய், நோட்பேடில் திறங்கள். பயப்பட வேண்டாம், ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது, சேமிக்காமல் மூடிவிடுங்கள். உண்மையான பி.டி.எஃப் என்றால் முதல் வரியே ஒரு சதவீதக் குறி, அதை ஒட்டிப் பி, டி, எஃப், ஒரு சிறு கோடு, அப்புறம் 1.4 அல்லது 1.7 மாதிரி ஓர் எண் என்று இருக்கும். அதற்குக் கீழே புரியாத எழுத்துக் குப்பையாக ஓடும், அது அப்படித்தான் இருக்கும். முதல் வரியை மட்டும் இங்கே எழுதுங்கள். அதில் யாருடைய பெயரோ எண்ணோ தெரிந்தால் அதைப் போட வேண்டாம்.

கோரையாற்றங்கரை · செவ்வாய், காலை 11:41

அண்ணே, அளவு 4 கேபிதான். முதல் வரியில் சதவீதக் குறி இல்லை. கோணக் குறி, ஆச்சரியக் குறி, டாக்டைப், எச்.டி.எம்.எல் என்று இருக்கிறது. கீழே போய்ப் பார்த்தால் நடுவில் 'உங்கள் அமர்வு முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

பழைய மானிட்டர் · செவ்வாய், மதியம் 12:03

கிடைத்துவிட்டது. உங்களுக்கு அடங்கல் வரவே இல்லை. அடங்கலின் பெயரைப் போட்டுக்கொண்டு ஒரு வெப் பக்கம் வந்திருக்கிறது. ரீடரை எத்தனை தடவை மாற்றி ஏற்றினாலும் அதற்குள் அடங்கல் இருக்கப் போவதில்லை. ரீடர் மேலும் தப்பில்லை, பிரவுசர் மேலும் தப்பில்லை.

கொள்முதல் நிலையத்தில் டோக்கன் கொடுக்கிறார்கள் அல்லவா? டோக்கன் வாங்கியவர் போனால் மூட்டையை எடை போடுவார்கள். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு டோக்கன் இல்லாத ஆள் போய் நின்றால், போய் டோக்கன் வாங்கி வா என்று திருப்பி அனுப்புவார்கள். இங்கேயும் அதுதான் நடக்கிறது. நீங்கள் உள்நுழைந்தபோது தளம் உங்கள் பிரவுசருக்கு ஒரு டோக்கன் கொடுத்திருக்கிறது, குக்கீ என்பது அதுதான். ஆவணத்தை வாங்கப் போனது மட்டும் உங்கள் பிரவுசர் இல்லை, டோக்கன் இல்லாத வேறு யாரோ. அதனால்தான் 'மீண்டும் உள்நுழையவும்' என்ற பக்கம் வந்து, பி.டி.எஃப் என்ற பெயரில் சேமிப்பாகியிருக்கிறது.

அந்த வேறு யாரோ பெரும்பாலும் டவுன்லோடு மேனேஜராக இருக்கும். குரோமில் எக்ஸ்டென்ஷனாக, அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன நிரலாக வந்து உட்கார்ந்துகொண்டு, பி.டி.எஃப் என்று கண்டதுமே பிரவுசர் கையிலிருந்து பிடுங்கி, தானே போய்க் கேட்கும். சும்மா வெளியில் கிடக்கிற ஃபைலுக்கு இது ஒத்து வரும். படிவத்தை நிரப்பி அனுப்பினால்தான் கிடைக்கும் ஆவணத்துக்கு ஒத்து வராது, ஏனென்றால் நீங்கள் நிரப்பிய விவரம் அதன் கையில் இல்லை. பிரவுசர் காத்திருந்த டேப் வெள்ளையாகவே நிற்கும்.

சோதிக்க ஒரு சின்ன வழி. கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறங்கள். நாமாக அனுமதி கொடுத்தால் தவிர எக்ஸ்டென்ஷன்கள் அதில் வேலை செய்யாது. அங்கே புதிதாக உள்நுழைந்து ஓர் ஆவணம் எடுத்துப் பாருங்கள். வந்தால் காரணம் உறுதி.

கோரையாற்றங்கரை · செவ்வாய், மதியம் 12:38

வந்துவிட்டது அண்ணே! முழுசாக வந்துவிட்டது. புல எண், பரப்பு, பயிர் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. பெரியவர் பக்கத்து டீக்கடையில்தான் இருந்தார், ஓடிப்போய்க் கூட்டி வந்தேன்.

எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்தால் நீங்கள் சொன்னதேதான். போன வெள்ளிக்கிழமை அக்கா பையன் பாட்டு இறக்க வேண்டும் என்று ஏதோ போட்டான். அதை நிறுத்திவிட்டு சாதாரண ஜன்னலில் பார்த்தேன், அங்கேயும் வருகிறது. மூன்று நாளாக எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. போன் நம்பர் இருக்கிறவர்களுக்கு எல்லாம் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சம்பாக்காரி · செவ்வாய், மாலை 4:15

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். எனக்குக் கடையும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை, போன்தான். ஃபேஸ்புக்கில் ஒருவர் போட்டிருந்த விண்ணப்பப் படிவத்தின் இணைப்பைத் தொட்டால், அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு பக்கம் திறக்கிறது, காலியாக. என்னிடம் டவுன்லோடு மேனேஜர் எதுவும் கிடையாது.

வடவாறு · செவ்வாய், மாலை 4:32

அது வேறு காரணம். செயலிக்குள்ளே திறக்கிற அந்த ஜன்னல் முழு பிரவுசர் இல்லை. ஆண்ட்ராய்டில் அதற்குப் பி.டி.எஃப் காட்டவே தெரியாது. மேலே மூன்று புள்ளி இருக்கும், அதைத் தொட்டு 'பிரவுசரில் திற' என்று கொடுங்கள். குரோமுக்குப் போய்விடும். ஆண்ட்ராய்டு குரோம் பல போன்களில் பி.டி.எஃப்பைத் தனக்குள் திறக்காமல் டவுன்லோடு மட்டும்தான் செய்யும். ஒன்றும் நடக்கவில்லையே என்று நாலு தடவை தொட்டால் நாலு பிரதி இறங்கும். மேலேயிருந்து இழுத்து அறிவிப்பைப் பாருங்கள், அல்லது ஃபைல்ஸ் செயலியில் டவுன்லோட்ஸ் பாருங்கள். அங்கே இருக்கும்.

சம்பாக்காரி · செவ்வாய், மாலை 4:50

ஆறு பிரதி இருக்கிறது. நன்றி அண்ணா.

தெற்கு வீதி · செவ்வாய், இரவு 8:10

கோரையாற்றங்கரைக்கு ஒரு யோசனை. இனி கெட்டுப்போன பி.டி.எஃப் வந்தால் ஆன்லைனில் இலவசமாகப் பழுது பார்த்துத் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன. ஏற்றினால் ஒரு நிமிஷத்தில் சரிசெய்து தந்துவிடும். இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை.

பழைய மானிட்டர் · செவ்வாய், இரவு 8:44

தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நாம் கையாளுவது ஆதார், பட்டா, வங்கிக் கணக்கு, வில்லங்கச் சான்று. முகம் தெரியாத ஒரு தளத்தில் ஏற்றினால் அந்தப் பிரதி எங்கே போய்த் தங்கும் என்று யாருக்கும் தெரியாது. பாஸ்புக்கை நம் கையில் நம்பிக் கொடுத்தவர் அதற்குச் சம்மதித்தாரா? அதோடு, இங்கே பழுது பார்ப்பதற்கே ஒன்றும் இருக்கவில்லை. வந்தது வெப் பக்கம், எந்தத் தளம் அதை அடங்கலாக மாற்றித் தரும்?

இடையில் அறுந்துபோன ஃபைலும் அப்படித்தான். மழை பெய்து நெட் விட்டு விட்டு வரும்போது பாதியில் நிற்கும். பி.டி.எஃப்பில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும். பொருளடக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட புத்தகம் மாதிரி. கடைசித் துண்டு வரவில்லை என்றால் முன்னால் இருக்கும் பக்கங்கள் நன்றாக இருந்தும் வியூவர் தடுமாறும். நோட்பேடில் திறந்து கடைசி வரிக்குப் போனால் இரண்டு சதவீதக் குறியும், இ, ஓ, எஃப் என்ற மூன்று எழுத்தும் இருக்க வேண்டும். இல்லை என்றால் மறுபடி டவுன்லோடு செய்வதுதான் மருந்து.

தெற்கு வீதி · செவ்வாய், இரவு 8:58

நீங்கள் சொல்வது சரி. ஆதார் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. நானும் இனி ஏற்ற மாட்டேன்.

குடந்தை வாசகர் · புதன், காலை 7:25

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் சிக்கல் பாதி விளங்கிவிட்டது. பெரிய கோயில் கல்வெட்டுகளின் பழைய பதிப்பு ஒன்றை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள், 300 எம்பிக்கு மேல். பிரவுசரில் திறந்தால் நெடுநேரம் சுற்றுகிறது. வந்த பிறகும் பக்கம் புரட்டினால் வெள்ளையாக நின்று, மெதுவாகப் படம் தெளிகிறது. இருபதாம் பக்கம் போவதற்குள் பிரவுசரே மூடிக்கொள்கிறது. என் கம்ப்யூட்டர் ரேம் 2 ஜிபி.

பழைய மானிட்டர் · புதன், காலை 9:10

ஐயா, வணக்கம். அது பழுதில்லை, சுமை. ஸ்கேன் செய்த புத்தகத்தில் பெரும்பாலும் எழுத்து கிடையாது, ஒவ்வொரு பக்கமும் ஒரு பெரிய படம். இடத்தைச் சேமிக்க ஜேபெக் 2000 என்ற முறையில் அழுத்தி வைத்திருப்பார்கள். அதை விரித்துக் காட்ட நிறைய உழைப்பு வேண்டும், 2 ஜிபி ரேமில் மூச்சு முட்டும்.

இணையத்தில் வைப்பதற்கென்று தயார் செய்த பி.டி.எஃப்பில் முதல் பக்கத்துக்கு வேண்டியதையும் அட்டவணையையும் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். மீதி வரும் முன்னே படிக்கத் தொடங்கலாம். உங்கள் ஃபைல் அப்படித் தயாரித்ததாகத் தெரியவில்லை. இணைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'சேவ் லிங்க் ஆஸ்' கொடுத்து முழுவதையும் இறக்கிக்கொள்ளுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். பிறகு பிரவுசரில் திறக்காமல் சுமத்ரா பி.டி.எஃப் என்ற சின்ன, இலவச வியூவரில் திறங்கள். பிரவுசரை விட அது மிக இலகுவானது.

குடந்தை வாசகர் · வியாழன், காலை 6:50

இரவு முழுக்க இறங்கியது. சுமத்ராவில் நேராக 114-ஆம் பக்கம் போனேன், இரண்டே நொடி. ஆனால் தேடினால் ஒரு சொல்கூட அகப்படவில்லை. படம் என்று நீங்கள் சொன்னதால் காரணம் புரிகிறது. பரவாயில்லை, கண்ணால் தேடிக்கொள்கிறேன். நீங்கள் செய்தது பேருதவி தம்பி.

மாப்பிள்ளைச் சம்பா · வியாழன், காலை 8:30

திருத்துறைப்பூண்டியிலிருந்து எழுதுகிறேன். பாரம்பரிய நெல் ரகங்கள் பற்றி எப்போதோ தயாரித்த கையேடு ஒன்று கிடைத்தது. பிரவுசரில் பக்கங்கள் வருகின்றன, படங்கள் அழகாக வருகின்றன, தமிழ் மட்டும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது. நடுநடுவே அரைப்புள்ளி வேறு. யூனிகோடு சரிசெய்ய ஏதாவது வழி உண்டா?

வடவாறு · வியாழன், காலை 8:55

ஐயா, யூனிகோடு என்பது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. அதில் யூனிகோடே இல்லை என்பதுதான் சிக்கல். பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. பாமினி என்ற எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருந்தால் அம்மா என்று தெரியும், இல்லை என்றால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். கையேட்டைத் தயாரித்தவர் எழுத்துருவை ஃபைலுக்குள் பதிக்காமல் விட்டுவிட்டார். அவர் கம்ப்யூட்டரில் எழுத்துரு இருந்ததால் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கும்.

அடோபி ரீடரில் திறந்து, 'ஃபைல்' மெனுவில் 'ப்ராபர்ட்டீஸ்' போய் 'ஃபான்ட்ஸ்' தாளைப் பாருங்கள். எழுத்துருப் பெயருக்குப் பக்கத்தில் 'எம்பெடட்' என்று இருந்தால் பதித்தது. இல்லை என்றால் பெயர் மட்டும்தான் இருக்கும். அந்தப் பெயருள்ள எழுத்துருவைக் கம்ப்யூட்டரில் நிறுவி, ரீடரை மூடித் திறங்கள்.

மாப்பிள்ளைச் சம்பா · வியாழன், காலை 10:20

நீங்கள் சொன்ன பாமினியேதான். நண்பர் கம்ப்யூட்டரில் இருந்தது, நிறுவியதும் கிச்சிலிச் சம்பா, பூங்கார், காட்டுயானம் என்று ஒவ்வொரு பெயராக வந்தது. இனி நான் தயாரிக்கும் எதிலும் யூனிகோடுதான், எழுத்துருவும் உள்ளேதான். இன்னொருவர் இப்படித் திண்டாடக் கூடாது.

பேரேடு · வியாழன், மதியம் 1:15

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சில படிவங்களைக் குரோமில் திறந்தால் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி மட்டும் வரும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மாறாது. நான் ஒருநாள் உண்மையிலேயே அரை மணி நேரம் காத்திருந்தேன். அது எக்ஸ்.எஃப்.ஏ என்ற வகைப் படிவம். வியூவருக்கு அந்த வகை தெரியாவிட்டால் அந்தப் பத்தி மட்டும்தான் தெரியும். டவுன்லோடு செய்து அடோபி ரீடரில் திறங்கள். ஃபயர்பாக்ஸும் 2021-இல் வந்த 93-ஆம் பதிப்பிலிருந்து இதைக் காட்டுகிறது.

கோரையாற்றங்கரை · வியாழன், மாலை 5:30

அண்ணே, இன்னொன்று. சில சான்றிதழ்களில் கையொப்பம் இருக்கிற இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி வருகிறது. இது போலி என்று சொல்லி ஓர் இடத்தில் ஒரு பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பிரவுசர் கோளாறா?

பழைய மானிட்டர் · வியாழன், மாலை 6:05

கோளாறும் இல்லை, கேள்விக்குறி என்பதாலேயே போலி என்றும் ஆகாது. 'இன்னும் சரிபார்க்கவில்லை' என்றுதான் அதற்குப் பொருள். பிரவுசருக்குள் இருக்கும் வியூவர்கள் டிஜிட்டல் கையொப்பத்தைப் பொதுவாகச் சரிபார்ப்பதில்லை. அடோபி ரீடரில் திறந்து, கையொப்பத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'வேலிடேட் சிக்னேச்சர்' கொடுக்க வேண்டும். சான்றிதழ் கொடுத்த அமைப்பை ரீடர் அறியாவிட்டால், 'சிக்னேச்சர் ப்ராபர்ட்டீஸ்' வழியாக அதன் விவரத்தைத் திறந்து, சரியான அமைப்புதானா என்று படித்துப் பார்த்து, நம்பகமானவற்றில் சேர்த்தால் பச்சைக் குறி வரும். படிக்காமல் சேர்க்காதீர்கள்.

தாளில் அச்சான பிறகு எந்தக் குறிக்கும் மதிப்பில்லை. அதில் இருக்கும் கியூஆர் குறியீட்டையோ சான்றிதழ் எண்ணையோ வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். அந்தப் பையனை அதைக் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 7 பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்தது. குரோம் 109-தான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு, 2023-க்குப் பிறகு புதிது கிடையாது. இன்று ஓடுகிறது, ஆனால் தளங்கள் மாற மாற ஒவ்வொன்றாக நின்றுபோகும். மற்றவர்களின் ஆதாரைக் கையாளும் கம்ப்யூட்டரில் பாதுகாப்புத் திருத்தம் வராத பிரவுசர் இருக்கக் கூடாது. ஃபயர்பாக்ஸ் 115-இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு விண்டோஸ் 7-இல் ஓடும், அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் இன்னும் வருகிறதா என்று பார்த்துவிட்டு இப்போதைக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பொங்கலுக்குள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தருகிறேன், அல்லது ரேம் ஏற்ற முடிகிறதா பார்க்கலாம். அந்தப் பக்கம் வரும்போது கடைக்கு வருகிறேன்.

கோரையாற்றங்கரை · வெள்ளி, இரவு 9:15

ஃபயர்பாக்ஸ் போட்டாயிற்று. எக்ஸ்டென்ஷன் எதுவும் போடவில்லை, அக்கா பையனுக்கும் சொல்லிவிட்டேன், தனியாக ஒரு லாகின் போட்டுக் கொடுத்திருக்கிறேன். திருப்பி அனுப்பியவர்களில் ஒன்பது பேரைப் போனில் பிடித்தேன், ஏழு பேர் வந்து வாங்கிவிட்டார்கள். இரண்டு பேருக்கு நாளைக்குக் காலையில்.

இன்று மதியம் ஒருவருக்கு மறுபடி வெள்ளைத் திரை வந்தது. கை தானாக மோடம் பக்கம் போனது. நிறுத்திவிட்டு நோட்பேடில் திறந்தேன். சதவீதக் குறி இருந்தது, கடைசி வரி இல்லை. நெட் நடுவில் விட்டிருக்கிறது. மறுபடி இறக்கினேன், வந்தது.

அந்தப் பெரியவர் செவ்வாய்க்கிழமையே அடங்கலை வாங்கிக்கொண்டார் என்று சொன்னேன் அல்லவா. கண்ணாடியைப் போட்டு, தன் புல எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துவிட்டு, தாளை மடிக்காமல் தினசரிப் பேப்பருக்குள் வைத்து எடுத்துப் போனார். இன்று காலையில் வந்து, காப்பீடு பதிந்த ரசீதைக் காட்டிவிட்டு, அதற்கு இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகிறார்.